தனம் பேசிய பக்கங்கள்

இரவல் புத்தகத்தில் படிக்கிறவனின் தொழில் முக்கால்வாசி காத்திருப்பது. படிப்பு மிச்ச நேரத்தில் நடக்கும். படிவம் கொடுத்துவிட்டு "வந்தா சொல்றோம்" என்ற ஒரு வார்த்தையை நம்பி வாரக்கணக்கில் பஸ் ஏறியவர்கள், கட்டுரையின் நடுவில் திரை அணைந்து மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கப்பட்டவர்கள், இவர்கள் எல்லாரும் என் கூட்டாளிகள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரியவன். பள்ளிக்கூடம் நாலாவதோடு நின்றுவிட்டது. கையில் கிடைத்ததைப் படித்துப் படித்துப் பழகி, தனித்தேர்வு எழுதி, அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, ஐம்பத்தெட்டாவது வயதில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். இந்த வயசில் எதற்கு என்று கேட்டவர்களிடம் படிப்பில் ஆசை என்றேன். அது பாதி உண்மை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா எங்கள் உப்பளத்துக்கு வந்து, வேலை செய்யும் பெண்களிடம் பேசிப் பேசி நோட்டில் எழுதிக்கொண்டு போனார். ஏதோ பெரிய படிப்புக்கான ஆராய்ச்சி என்றார்கள். பெண்கள் அவருக்கு நோட்டு அம்மா என்று பேர் வைத்தார்கள். என் மனைவி தனம் அவரோடு மூன்று சாயங்காலம் பேசினாள். நான் அடுத்த வரப்பில் நின்று பார்த்தேன். தனம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், அந்த அம்மா தலை நிமிராமல் எழுதுகிறார். அப்படி என்ன பேசினாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "பொம்பளைங்க பேச்சு மாமா, உனக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

தனம் போய் ஆறு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டில் ஒரு படம் இருக்கிறது. குரல் இல்லை, எங்களிடம் இருந்தது பட்டன் போன். அவள் பேசியது எழுத்தாக ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தேன். வெளியாளுக்கு இரவல் கிடையாது, மாணவர்களுக்கு உண்டு என்றார்கள். மாணவனாகிவிட்டேன்.

காலியான கட்டங்கள்

எங்கள் படிப்பு மையம் திண்டிவனத்தில் இருந்தது. அங்கே நூலகர் சகாயமேரி மேடம். நம் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாட்டை முதன்முதலில் அவர்தான் எனக்குச் சொன்னார். ஐ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு படிவம். ஆசிரியர் பெயர், தலைப்பு, வெளிவந்த ஆண்டு, வெளியிட்டவர் என்று நாலு கட்டம்.

எனக்கு ஒன்றும் தெரியாது. காலியாக விட்டால் மதிக்கமாட்டார்கள் என்று பயந்து, தெரிந்ததை எழுதினேன். ஆசிரியர் பெயர் கட்டத்தில் "நோட்டு அம்மா, கண்ணாடி போட்டிருப்பார், வெயில் தாங்கமாட்டார்" என்று. தலைப்புக் கட்டத்தில் "எங்கள் உப்பளத்துப் பெண்கள் சொன்னது" என்று. ஆண்டுக்கு, "அந்த வருஷம் ஐப்பசி மழை சித்திரையிலேயே வந்து உப்பெல்லாம் கரைந்து போனது" என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் எல்லாருக்கும் எந்த வருஷம் என்று புரியும். சகாயமேரி மேடம் இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது புத்தகம் கேக்கற படிவம். காணாமப் போனவங்களைத் தேடச் சொல்லி ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கற மாதிரி இருக்குதே."

உப்பு என்று தேடினால்

என்னோடு படித்தவர் கோபி, பொம்மையார்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். சனிக்கிழமை வகுப்புக்கு வந்தால் ஆட்டோ நிற்குமிடத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறப்பார். நான் எதைத் தேடுகிறேன் என்பது மேடத்துக்கு அடுத்து அவருக்குத் தெரியும்.

நூலகக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் என்று ஒன்று உண்டு. உலகத்தில் எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல் அதில் இருக்கிறது, ஒரு சொல்லைப் போட்டால் போதும் என்றார் மேடம். கோபி பக்கத்தில் உட்கார, நான் ஒரு விரலால் உப்பு என்பதை இங்கிலீஷில் அடித்தேன். லட்சக்கணக்கில் வந்தது. எங்கள் தொழிலைப் பற்றி இத்தனை பேர் யோசித்திருக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் மனசு நிறைந்துபோயிற்று. ஒவ்வொன்றாகத் திறந்தோம். ரத்த அழுத்தம். சிறுநீரகம். ஊறுகாய் கெட்டுப்போகாமல் இருப்பது. மறுபடியும் ரத்த அழுத்தம். ஐந்தாவது பக்கம் வரைக்கும் ஒரு உப்பளம்கூட வரவில்லை. கோபி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் உப்பு போடறது நீங்க. ஆராய்ச்சி முழுக்க அதைத் தின்னு பிரஷர் வந்தவனைப் பத்தி இருக்குது."

பாதியில் நிற்கும் கட்டுரைகள்

டேட்டாபேஸில் படித்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். தலைப்பு இருக்கும். கீழே பத்து வரிச் சுருக்கம் இருக்கும். அதற்குக் கீழே, முழுக் கட்டுரை வேண்டுமென்றால் சந்தா வேண்டும் என்று இருக்கும். எங்கள் மையத்துக்கு அந்தச் சந்தா இல்லை. மற்ற மாணவர்கள் எரிச்சல்பட்டார்கள். எனக்கு அது பழகிய சங்கதி.

நான் படிக்கக் கற்றுக்கொண்டதே வடை சுற்றிவந்த காகிதத்தில். மத்தியானம் பத்து நிமிஷம் இளைப்பாறும்போது, உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து, வடையைத் தனத்திடம் கொடுத்துவிட்டு, காகிதத்தை விரித்து அவளுக்குப் படித்துக் காட்டுவேன். செய்தித்தாள் துண்டாக இருக்கும், பிள்ளைகளின் பாடப் புத்தகமாக இருக்கும், ஒரு தடவை யாருடைய கல்யாணப் பத்திரிகையோ இருந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து தெரியாது. கிழிந்த இடத்தில் எழுத்தே இருக்காது. அங்கே நானாகவே கதையைச் சேர்த்து முடித்துவிடுவேன். திருடன் பிடிபடுவான், தொலைந்துபோன பெண் வீட்டுக்குத் திரும்புவாள். தனத்துக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான் சேர்த்தது அவளுக்குத் தெரியாது.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பழைய காலத்து உப்பு வண்டிப் பாதைகளைப் பற்றி ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மிச்சத்தை நானே யோசித்து, "ஆசிரியர் மேலும் கூறுவதாவது" என்று ஆறு பக்கம் ஒப்படைப்பு எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. காகிதம் நின்ற இடத்திலிருந்து நாம் தொடர்வதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். திருத்தியவர் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

"கட்டுரையாசிரியர் இதில் எதையும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்."

அம்பாரத்தின் மேல்

வீட்டிலிருந்தே டேட்டாபேஸைத் திறக்க ஒரு வழி செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஒரு எண் வரும், ஐந்து நிமிஷத்துக்குள் அதை அடிக்க வேண்டும். மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போன் என்னிடம் இருந்தது. ஆனால் வீட்டிலும் சரி, உப்பளத்துக்கு நடுவிலும் சரி, சிக்னல் கிடையாது. எங்களிடத்தில் உயரமான இடம் என்றால் வாரிக் குவித்த உப்பு அம்பாரம் ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை அதன் மேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண் வந்தது. அடிப்பதற்குள் கால் புதைந்து முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நாலு பாத்தி தள்ளியிருந்து மேஸ்திரி கத்தினார்.

"யோவ், அது லாரியில ஏத்தறதுக்கு வாரி வச்ச உப்பு. நீ ஏறி நின்னு பாஸாவறதுக்கு இல்ல."

வெயிலில் காயவைத்த புத்தகம்

ஆறு மாசம் தேடியும் நோட்டு அம்மாவின் பெயர் கிடைக்கவில்லை. ஒருநாள் சகாயமேரி மேடம் ஒரு வழி சொன்னார். "ஐயா, அவங்க எழுதினதைத் தேடாதீங்க. அவங்களுக்கு அப்புறம் உப்பளத்தைப் பத்தி எழுதினவங்களைத் தேடுங்க. அவங்க புத்தகத்தோட கடைசியில பாருங்க, யாரு யாரைப் படிச்சாங்கன்னு பட்டியல் போட்டிருப்பாங்க." அன்றிலிருந்து நான் எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் திறக்கிறேன்.

கடற்கரை உப்புத் தொழில் பற்றி ஒரு புத்தகம் தெற்கே ஏதோ ஒரு கல்லூரியில் இருந்தது. ஐ.எல்.எல்.லில் எழுதிப்போட்டு ஏழு வாரம் கழித்து வந்தது. அன்றைக்குப் பார்த்து மழை. பஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பை நனைந்து, புத்தகமும் நனைந்துவிட்டது. மறுநாள் நல்ல வெயில். ஈரமாக இருப்பதைக் காயவைக்க எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. வரப்பின் மேல் தார்ப்பாய் விரித்து, புத்தகத்தை அதில் திறந்து வைத்து, அரை மணிக்கு ஒருதரம் பக்கம் புரட்டி விட்டேன், உப்பைக் கிளறி விடுகிற மாதிரியே. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழுந்தது. சாயங்காலம் கையில் எடுத்தால் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

பின்பக்கத்தைத் திறந்தேன். பட்டியலின் மூன்றாவது தாளில் இருந்தது: மரக்காணம் பகுதி உப்பளப் பெண்களின் பேச்சும் வாழ்வும் பற்றிய ஆய்வேடு, சென்னையில் ஒரு பல்கலைக்கழகம், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆண்டு, ஒரு பெண்ணின் பெயர். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோட்டு அம்மாவுக்கும் ஒரு பெயர் இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தனம் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தக் கல்லூரி நூலகத்திலிருந்து எங்கள் மையத்துக்கு ஒரு சீட்டு வந்தது. மேடம் எனக்குப் படித்துக் காட்டினார்.

"புத்தகம் வந்து சேர்ந்தது, நன்றி. பக்கத்தைப் புரட்டினால் உப்பு கொட்டுகிறது. உங்கள் வாசகர் கரையில் இருந்துதான் படித்தாரா என்று அறிய விரும்புகிறோம்."

ஊர் விட்டு வராத ஆய்வேடு

பெயர் கிடைத்ததும் மறுபடியும் ஒரு படிவம். இந்தத் தடவை நாலு கட்டத்தையும் நிரப்பினேன். பதில் ஒரு மாசத்தில் வந்தது. ஆய்வேடு ஒரே பிரதி, வெளியே அனுப்புவதில்லை. உள்ளடக்கப் பக்கத்தையும், கேட்கிற ஒரு பகுதியின் நகலையும் அனுப்பலாம். கணினியில் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்தோம். டேட்டாபேஸில் தலைப்பு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

உள்ளடக்கம் வந்தது. கூலி, கால் புண், கண் எரிச்சல், பேறுகாலம், பாட்டு, ஓய்வுப்பொழுது, கணவர் என்று தலைப்புகள். பின்னிணைப்பில் இருபத்திரண்டு பெண்களின் பெயர். ஒரு தடவை, இரண்டு தடவை, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தனம் இல்லை. எங்கள் உப்பளத்தில் வேலை செய்த யாருடைய பெயருமே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மேடம் அந்தத் தாளை வாங்கி, அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினார். பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. "ஆராய்ச்சியில அப்படித்தான் ஐயா செய்வாங்க. பேசினவங்களுக்கு நாளைக்கு ஒரு கஷ்டம் வரக்கூடாதுல்ல." அது நியாயம்தான். ஆனால் என் பெண்டாட்டியை என்னிடமிருந்தும் அல்லவா மறைத்துவிட்டார்கள்.

ஒரு பகுதிதான் கேட்கலாம். நான் எதைக் கேட்டிருப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கணவர். இருபத்தெட்டுப் பக்கம் நகல் வந்தது. அதில் பதினோரு பெண்கள் பேசினார்கள். ஒருத்தியின் கணவன் குடிக்கிறான். ஒருத்தியின் கணவன் அம்மா பேச்சைத் தாண்டமாட்டான். நாலாவதாக வந்தவள், "வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு, பாத்திக்கு நடுவுல நட்டு வச்ச கம்பு மாதிரி" என்று சொல்லியிருந்தாள். அது நான்தானோ என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அதற்கடுத்த பக்கத்தில் அவளுக்கு ஐந்து பிள்ளைகள் என்று வந்தது. எங்களுக்கு ஒரே மகள். பதினோரு பேரையும் ஒவ்வொருத்தியாகக் கழித்துப் பார்த்ததில் தனம் அந்தப் பகுதியில் பேசவே இல்லை என்று தெரிந்தது. கோபி நகலை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பதினோரு பேருல ஒருத்திகூட புருஷனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லலண்ணே. அண்ணி இதுல இல்லன்னு நீங்க சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமான்னு எனக்கே புரியல."

வாசிப்பு அறை

கார்த்திகையில் உப்பளத்தில் வேலை இருக்காது; பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நிற்கும். சகாயமேரி மேடத்திடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். மழையில் நனையாமல் இருக்கக் கடிதத்தை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தேன். ஒருதரம் பட்டது போதும்.

வாசிப்பு அறையில் பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். மேசைக்குப் பொறுப்பான அம்மா ஒருவர் ஆய்வேட்டைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு அட்டை, டைப் அடித்த பக்கங்கள். கடைசியாக எடுத்தவர் யார் என்று குறிக்கும் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு பெயர், நான் வெயிலில் காயவைத்த புத்தகத்தை எழுதியவருடையது. முப்பது வருஷமாக வேறு யாரும் கேட்கவில்லை.

கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கணவரை ஏற்கெனவே படித்தாயிற்று. அதற்கு முன்னால் ஓய்வுப்பொழுது. அந்தப் பகுதிக்கு ஆறு பக்கம்தான். உப்பளப் பெண்களுக்கு ஓய்வு அவ்வளவுதான் இருந்தது போல. மூன்றாவது பக்கத்தில் செல்வி என்று ஒரு பெண் பேசினாள். இரண்டு வரி படித்ததும் எனக்கு எழுத்து மறைந்துவிட்டது. காகிதத்தில் எண்ணெய் எதுவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேசை அம்மா அருகில் வந்து, வேண்டியது கிடைத்ததா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். பென்சிலால் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். இப்போது அது பார்க்காமலே வரும்.

"எங்க வூட்டுக்காரரு வடை சுத்திக் குடுக்கற பேப்பரைக்கூட விடமாட்டாரு. மத்தியானத்துல எனக்குப் படிச்சிக் காட்டுவாரு. எண்ணெய் பட்ட எடத்துல எழுத்து தெரியாதுல்ல, அங்க அவரா கதை கட்டி சொல்லுவாரு. நெசமா படிக்கறப்போ இழுத்து இழுத்து வரும். கட்டி சொல்றப்போ கடகடன்னு வரும். அதுலயே எனக்குத் தெரிஞ்சிடும். எனக்கு அந்த எடம்தான் புடிக்கும். தெரியும்னு சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு. அதான் சொல்லல. நீயும் சொல்லிடாதம்மா."

இரவல் வாங்கிய எதையும் நான் கெடு தாண்டி வைத்திருந்ததில்லை; இந்த ஒன்றைக் கேட்டு வாங்க மட்டும் முப்பது வருஷம் தாமதமாகிவிட்டது, அதற்காக என்னைத் திட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை.